மலை நகரில் மதிப்பெண், ஏரிக்கரையில் ஆப்சென்ட்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்பின் சில நாட்கள் பழவேற்காடு ஏரியில் நீவாடு எனும் நீரோட்டம் வலுக்கும். ஏரியில் வளர்ந்த இறால் முகத்துவாரத்தை நோக்கி ஓடும் இரவுகள் அவை. ஓடும் தண்ணீரில் கழி ஊன்றி வலை கட்டும் குடும்பங்கள் அந்த இரவுகளை நம்பித்தான் கடன் வாங்குகின்றன, கல்யாணத்துக்கு நாள் குறிக்கின்றன. கல்லூரியில் படிக்கும் மகனாக இருந்தாலும் அன்று வலைக்கு ஒரு கை கூடுதலாக வேண்டும். விடியற்காலை ஏலம் முடிந்து, உப்பு போகக் குளித்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விழுவது ‘ஆப்சென்ட்’. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டித்தான் தேர்வெழுத முடியும். இன்னும் குறைந்தால் தேர்வே இல்லை.

அதே வயதுப் பிள்ளை ஒருவர் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை நம்பி வாழும் மலைநகரம் அது. அதையொட்டிய புளூஷ் கிராமத்தில் இருக்கிறது லே ரோஷ் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி. மோன்ட்ரோ நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் 1962 முதல் நடக்கும் கிளியோன் கல்லூரியும் இதே வகை. முதலாண்டு மாணவர் அங்கே காய் நறுக்குகிறார், மேசை துடைக்கிறார், படுக்கை விரிக்கிறார். பிறகு ஹோட்டலில் மாதக்கணக்கில் பயிற்சி வேலை. இவை எல்லாமே பாடத்திட்டத்துக்குள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூன்றரை ஆண்டுப் படிப்புக்கு ஆகும் செலவு நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். இந்தியாவிலிருந்தும் குடும்பங்கள் அதைக் கட்டிப் பிள்ளைகளை அனுப்புகின்றன. தட்டு கழுவுவதில் தொடங்கும் படிப்பு என்று யாரும் முகம் சுளிப்பதில்லை, சுளிக்கவும் கூடாது. கை வேலை தெரியாத மேலாளரை ஹோட்டல் தொழில் மதிக்காது. 1893இல் லோசானில் உலகின் முதல் ஹோட்டல் பள்ளியைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது இன்று வெளிநாட்டுக் கல்வியின் அன்றாடம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஆறு மாதம் கழிந்தபின் வாரம் 15 மணி நேரம் வேலை பார்க்க சுவிட்சர்லாந்து அனுமதிக்கிறது. கனடா 2024 நவம்பரில் தன் வார வரம்பை 24 மணி நேரமாக்கியது. ஊருக்குத் திரும்பும் பிள்ளை “ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன்” என்று சொன்னால் உறவினர் பெருமைப்படுகிறார்கள். பழவேற்காட்டின் லைட் ஹவுஸ் குப்பத்துப் பையன் “வலைக்குப் போய்க்கொண்டே படித்தேன்” என்றால் கிடைப்பது அனுதாபம்தான். உழைப்பின் கடுமையில் ஏரிக்கரை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அந்த உழைப்பைப் படிப்பாகக் கணக்கில் எடுக்க மலைநாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, இங்கே இல்லை. அந்த ஏற்பாட்டைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுவிஸ் ஹோட்டல்களின் சமையலறைகளுக்குத் தமிழர் புதியவர்களும் அல்லர். 1983 கலவரத்துக்குப் பின் தஞ்சம் கேட்டுப் போன ஈழத்தமிழர் பலருக்கு அங்கே முதலில் கிடைத்தது பாத்திரம் கழுவும் இடமும் அடுப்படியும்தான். அவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமாக இன்று சுமார் 50,000 பேர் அந்நாட்டில் இருக்கிறார்கள். பெற்றோர் தலைமுறைக்கு அந்த வேலை எந்தச் சான்றிதழையும் தரவில்லை. பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் படித்து வளர்ந்தார்கள். வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, சில நாள் வகுப்பு என்று நடக்கும் தொழிற்பழகுநர் கல்வி அவர்களுக்கும் திறந்திருந்தது. சுவிஸ் இளைஞர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் போகும் பாதை அது. அதை முடித்தவர் விரும்பினால் மேலே உயர்கல்விக்கும் போகலாம்.

பழவேற்காட்டில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ‘பாடு’ முறையைப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல வலையிடங்கள் கொஞ்சம்தான், வலை கட்ட நிற்பவர்கள் அதிகம். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று பிரித்துக்கொள்கின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். இதையொத்த முறை இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் உண்டு. பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காப்பதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாடு முறையைப் பற்றி ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அதற்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பாடமாக எழுதித் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கக்கூட வழியில்லை.

பாடு முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கு மட்டுமான உரிமை. அதற்கு வெளியே நிற்பவர்கள் இருளர் பழங்குடியினர். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலையால் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கையில் இறால் தட்டிய நொடியில் அதை அமுக்கி, தலையைத் திருப்பிப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிவார்கள். சேற்றில் எந்த இடம் மென்மையாக இருக்கிறது, எந்தப் பருவத்தில் எது கிடைக்கும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. சென்னையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்கு இந்தப் பெண்களிடம் கற்க நிறைய உண்டு. ஏரி பற்றிய எந்தப் படிப்பானாலும், அதில் சேரும் உரிமை பாடு உரிமை போல ஒரு சமூகத்துக்குள் சுருங்கிவிடக் கூடாது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு 1953 நினைவுக்கு வரும். வர வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. எட்டு வயதுக் குழந்தையை அப்பனின் தொழிலில் கட்டிப்போடும் எதுவும் இனியும் தோற்க வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலையில் வைப்பதற்கு எதிரான சட்டத்தில், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்று 2016இல் சேர்க்கப்பட்ட விலக்கே ஆபத்தானது. ஆகவே இங்கே கேட்பது பிளஸ் டூ முடித்து, தானே விரும்பி வருகிற இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் மட்டும். கிளியோனில் சேர்பவரிடம் உன் அப்பா சமையல்காரரா என்று யாரும் கேட்பதில்லை. அதுபோல ஏரிப் படிப்பில் ஆவடிப் பெண்ணும் சேரலாம், அதை முடித்த குப்பத்துப் பையன் வங்கி வேலைக்கும் போகலாம்.

நார்வே ஒரு வழி காட்டுகிறது. அங்கே மேல்நிலைப் பள்ளியில் மீன்பிடித் தொழிலை எடுப்பவர் இரண்டு ஆண்டு வகுப்பிலும் இரண்டு ஆண்டு படகில் பழகுநராகவும் இருந்து சான்றிதழ் பெறுகிறார். மீன்பிடிப்பவரின் பிள்ளை படிக்க வேண்டுமானால் கடலை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

நம்மிடம் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. பழவேற்காட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில், பொன்னேரியில், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி. ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனமான சிப்நெட்டின் சென்னைக் கிளை, படகு செலுத்தவும் எஞ்சின் பழுது பார்க்கவும் கற்றுத் தருகிறது. தரமணி அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் படிக்கத் தாட்கோ உதவுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024 முதல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தொழிற்பழகுநர் பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. இவை தனித்தனித் தீவுகளாகக் கிடக்கின்றன. ஏரியில் இறங்கி வேலை பார்க்கும் மாணவருக்கு அந்த நேரத்தைப் பாடமாக எண்ணித் தரும் ஒரே ஒரு பட்டப்படிப்புகூட அவற்றுக்கு நடுவே இல்லை.

அப்படி ஒரு படிப்பு வந்தால் வேலை எங்கே என்ற கேள்விக்கு ஏரிக்கரையே பதில் சொல்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும் முகத்துவாரமும் வரலாறும் பழவேற்காட்டில் இருக்கின்றன. பூநாரை பார்க்க வருகிறார்கள், நண்டு தின்ன வருகிறார்கள், 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சத்தையும், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வருகிறார்கள். வந்தவர்களுக்கு வழிகாட்டப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு முகத்துவாரம் அருகே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை சரி. தடைக்கு அடுத்த கட்டமாக, உயிர்காப்பு உடையும் உரிமமும் முதலுதவிப் பயிற்சியும் பறவையறிவும் உள்ள படகோட்டிகளை உருவாக்குவதும் அரசின் பொறுப்புதானே? மலைநகரங்களில் பனிச்சறுக்கு வழிகாட்டி பல கட்டத் தேர்வு எழுதித்தான் சுற்றுலாப் பயணியைத் தொட முடியும். ஏரிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

மாற்று ஒன்றும் இல்லாத நிலையில் குப்பத்துப் பட்டதாரி காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். அங்குள்ள துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் ஏரியின் தெற்கு வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. நிரந்தர வேலை கேட்டுச் சுற்றுவட்டார மீனவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதற்கு மணல் அரிப்பும் மீன் குறைவும் காரணங்கள். ஏரியை அளக்கவும் உப்புத்தன்மையைப் பதிவு செய்யவும் மணல் நகர்வை வரைபடத்தில் காட்டவும் தெரிந்த பிள்ளைகள் அந்த ஊர்களிலேயே இருந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்கள் பேச்சுக்கு இருக்கும் எடை வேறு.

வெளிநாடு போக நினைக்கும் குப்பத்துப் பிள்ளைகளைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு. அதில் மூன்று இடம், இருளர் போன்ற மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு. அந்த மூன்றில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் தகுதி வர ஏரிக்கரை இருளர் பெண் முதலில் ஒரு பட்டம் வாங்க வேண்டும். அதற்கு முன் பிளஸ் டூ, அதற்கும் முன் குடும்பம் இறாலுக்காக இடம் மாறும்போது அவள் தங்கிப் படிக்க ஒரு விடுதி. பொன்னேரியில் அந்த விடுதியையும், ஏரி நேரத்தை வகுப்பாக எண்ணும் ஒரு பட்டப்படிப்பையும் வரும் கல்வியாண்டில் தொடங்க வேண்டும். முதல் அணியில் 30 பேர் போதும், பாதி இடம் பெண்களுக்கு. முகத்துவாரத்தின் நீவாட்டைக் கற்பிக்கக் குப்பத்துப் பெரியவர்களையும், சேற்றில் இறால் தடவக் கற்பிக்க இருளர் பெண்களையும் கௌரவ விரிவுரையாளர்களாகச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும்.