தடுப்பூசிக்கு எட்டாத பட்டிகள்

பெரும்போக விதைப்பு தொடங்கியதும் கந்தளாய் வயல்களில் நின்ற மாடுகள் காட்டோரங்களுக்குச் சாய்க்கப்படுகின்றன. அங்கே பல பட்டிகள் ஒன்றாக மேய்ந்து ஒரே நீரில் வாய் வைக்கின்றன. கால்வாய் நோய் பரவ வேறென்ன வேண்டும்?

2014இல் இந்நோய் நாட்டின் பல மாவட்டங்களை உலுக்கியது. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் தப்பிவிடும்; கன்றுகள் சாகும், பால் வற்றும். தடுப்பூசியின் காப்பு ஏறத்தாழ 6 மாதமே. மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்கவும் வேண்டும். கொட்டில் பசுவுக்கு இது பெரிய காரியமில்லை. காட்டில் சிதறிய பட்டியை யார் பிடித்துக் கொடுப்பது?

நோயை அறிவிப்பதிலும் சிக்கல் உண்டு. 2023இல் மாடுகளுக்குப் பெரியம்மை பரவியபோது வடமேல் மாகாணத்தில் மாடுகளைக் கொண்டுசெல்லத் தடை வந்தது. தடை அவசியந்தான். ஆனால் நட்டஈடு பற்றிய உறுதி இல்லாவிட்டால், வாயில் நுரை கண்ட பண்ணையாளர் கால்நடை வைத்தியரை அழைப்பாரா, இரவோடிரவாக மாட்டை லொறியில் ஏற்றுவாரா? ஏற்றினால், கிருமியும் கூடவே அடுத்த மாவட்டத்துக்குப் போகிறது.

சிறுபோக அறுவடை முடிந்து மாடுகள் தாளடியில் மேயும் சில வாரங்கள்தான் வாய்ப்பான காலம். ஊசித் திட்டத்தின் திகதி அலுவலக நாட்காட்டியைப் பார்த்தல்ல, அந்த வாரங்களைப் பார்த்தே குறிக்கப்பட வேண்டும்.