எரேமியாவின் கச்சை: 'ஏஸோர்' என்னும் எபிரேயச் சொல்லும் அதன் தமிழாக்கமும்

எபிரேய விவிலியத்தில் இடையிற் கட்டப்படுவனவற்றைக் குறிக்கும் சொற்கள் பல. வாளைத் தாங்கும் புறக்கட்டு 'ஹகோர்' எனப்படும். குருமார் தம் உடுப்பின்மேல் சுற்றிக் கட்டும் பூத்தையல் பட்டை 'அவ்நேத்' ஆகும். 'ஏஸோர்' இவ்விரண்டினும் வேறானது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவற்றைப் பெரும்பாலும் கச்சை என்னும் ஒரே சொல்லின் கிளைகளாகவே தருகின்றது: அரைக்கச்சை, இடைக்கச்சை, வார்க்கச்சை. பல இடங்களில் இதனால் பொருள் கெடுவதில்லை. எரேமியா 13ஆம் அதிகாரத்திலோ இழப்பு பெரிது.

'ஏஸோர்' எபிரேய விவிலியத்தில் 14 இடங்களில் வருகின்றது. அவற்றுள் 8 இவ்வொரு பகுதியில் அடங்கியவை. இறைவாக்கினர் ஏஸோர் ஒன்றை வாங்கி அரையில் உடுத்துகிறார். அதை நீரில் நனைக்கலாகாது என்பது கட்டளை. பின்னர் அது பாறை வெடிப்பில் மறைத்து வைக்கப்பட்டு, நெடுநாள் கழித்து எடுக்கப்படும்போது ஒன்றுக்கும் உதவாதவாறு கெட்டிருக்கின்றது. மறைத்த இடம் யூப்ரத்தீசா, அனதோத்தை அடுத்த பாராவா என்ற வழக்கில் ஆய்வாளர்கள் செலவிட்ட ஏடுகள் மிகுதி. உடுத்தியது யாது என்ற வினாவோ அத்துணைக் கவனம் பெறவில்லை. உவமையின் உயிர்நிலை 11ஆம் வசனத்தில் உள்ளது. ஏஸோர் மனிதனின் அரையோடு ஒட்டியிருப்பதுபோல மக்கள் இறைவனோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அங்கு ஆளப்படும் 'தாவக்' என்னும் வினை, கணவன் மனைவியோடு இசைந்திருத்தலைத் தொடக்கநூல் கூறுமிடத்தும் வருவது. உடைக்கு மேலே கட்டிக் கழற்றும் பட்டை இவ்வினைக்குப் பொருந்துமா? மெய்யைத் தீண்டிக் கிடக்கும் உள்ளாடையே பொருந்தும்.

இதற்கு மொழிச் சான்றும் உண்டு. அரபியில் 'இஸார்' என்பது இடைக்குக் கீழே சுற்றி உடுத்தும் ஆடை. ஹஜ் பயணிகள் இன்றும் உடுத்துவது. எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு எரேமியாவின் ஏஸோரைப் 'பெரிஸோமா' என்றும், எலியாவின் தோல் ஏஸோரை 'ஸோனே' என்றும் பிரித்துரைக்கின்றது. இலத்தீன் விவிலியமும் முன்னதற்கு, அரை என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த 'லும்பாரே' என்பதை ஆள்கின்றது. ஒரே எபிரேயச் சொல்லை இடமறிந்து பிரித்தவர்கள் பண்டை மொழிபெயர்ப்பாளர்கள். யோபு 12:18உம் இங்குக் கருதத்தக்கது. அரசர்கள் வலிமை இழப்பதைப் பாடும் அப்பகுதியில் அவர்கள் அரையில் ஏஸோர் கட்டப்படுகின்றது. அதை அணிகலன் போன்ற இடைப்பட்டையாகக் கொண்டால் அடி முன்பின் முரணும். சிறைப்பட்டோர் உடுக்கும் அரைத்துணியாகக் கொண்டால் நேர்படும்.

எசேக்கியேல் 23:15இல் சுவரோவியத்துப் பாபிலோனியர் அணிந்திருக்கும் ஏஸோர் கண்ணுக்குத் தெரிவதாயிற்றே எனலாம். எசாயா 5:27இல் படைவீரரின் ஏஸோர் செருப்பு வாரோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. இவை மெய்யான தடைகளே. ஆயினும் இவை காட்டுவது, அரையைச் சுற்றுவது என்ற பொதுப்பொருளுள் தோலும் துணியும், உள்ளும் புறமும் அடங்கின என்பதையே. எரேமியாவில் எது என்பதை அங்குள்ள நாரும் வினையுமே முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் கச்சை வீரத்தின் சொல். யானைக்கும் வீரனுக்கும் உரியது. 'கச்சை கட்டிக்கொண்டு' என்றதும் போருக்கு எழுந்தவன் நினைவே வரும். எசாயாவின் படைவீரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. எரேமியாவுக்கோ இது புறக்கட்டாகிவிடுகின்றது. அதனோடு 'சணல்நூல்' சேரும்போது இன்றைய வாசகர் சாக்குத்துணியையே காண்பார். மூலத்தில் உள்ளது ஆளிநாரின் மென்துணி.

ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பார் இம்மாற்றத்தை ஏற்கத் தயங்கலாம். எசாயா 11:5இல் ஏஸோர் ஒரே வசனத்துள் இருமுறை வர, அதே பழைய மொழிபெயர்ப்பு ஒன்றை அரைக்கட்டு என்றும் மற்றதை இடைக்கச்சை என்றும் வேறுபடுத்திற்று. ஓசை நயத்துக்காகத் தரப்பட்ட அவ்வுரிமையைப் பொருளுக்காக மறுப்பதற்கில்லை. எரேமியா 13இல் 'ஆளிநார் அரையாடை' என்று இருப்பதே தகும். எலியாவின் வார்க்கச்சை அவ்வாறே நிற்கலாம்.