உலகம் சுற்றும் வாலிபம்: கன்னத்துல எத்தனை பாஸ்?

காலையில காலேஜ் பஸ்ல ஏறினதும் என்ன பண்ணுவீங்க? ‘டேய் மச்சி’னு முதுகுல ஒரு தட்டு. லேடீஸ் சீட் பக்கம் ‘ஹேய்’னு ஒரு கையசைப்பு. அப்புறம் அரியர் கவலை. அவ்வளவுதானே? இதே பஸ் ஃபிரான்ஸ்ல ஓடுதுனு வெச்சுக்குங்க. ஃப்ரெண்ட் கன்னத்தோட உங்க கன்னத்தை ஒட்டி, ‘ப்ச்... ப்ச்...’னு முத்தம். இதுக்கு அங்கே ‘லா பீஸ்’னு பேர். (லா காலேஜ்ல கட்டுற ஃபீஸ் இல்லீங்க, பதறாதீங்க!)

‘ஆஹா, என் பாஸ்போர்ட் எங்கே?’னு இந்நேரம் ஒரு ஜொள்ளு பார்ட்டி கிளம்பியிருக்கும். தம்பி, உட்காருப்பா. இது வேற சிலபஸ்!

உதடு படாத முத்தம்

முதல் விஷயம், இதுல உதடு கன்னத்துல படவே வேண்டாம். கன்னமும் கன்னமும் லேசா உரசும். சத்தம் மட்டும் காத்துல போகும். ‘இச்’சுனு ஈரமா ஒண்ணு பதிச்சீங்கன்னா, அன்னையோட நீங்க பேசுபொருள். பொண்ணும் பொண்ணும், பையனும் பொண்ணும் சந்திச்சா இது சகஜம். பசங்களுக்குள்ளே பெரும்பாலும் கை குலுக்கல்தான். நெருங்கிய நண்பன், அண்ணன் தம்பின்னா கன்னம். அதாவது இது காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நம்ம ‘வணக்கம்’ மாதிரி, அவங்க ‘போன்ஷூர்’ கூடவே வர்ற ஒண்ணு.

ஊருக்கு ஒரு கணக்கு

அடுத்த சிக்கல், எத்தனை? பாரீஸ்ல ரெண்டு. தெற்கே மோன்பெலியே பக்கம் மூணு. மேற்கு மூலையில இருக்கிற ப்ரெஸ்ட் பக்கம் ஒண்ணே ஒண்ணு. நான்ட் பக்கம் நாலு வரைக்கும் போறவங்களும் உண்டு. எந்தக் கன்னம் முதல்லங்கிறதும் ஊருக்கு ஊர் மாறும். நீங்க வலது, அவங்க இடதுன்னு ஒரே நேரத்துல திரும்பினா, மூக்கும் மூக்கும் மோதி விபத்துதான். கண்ணாடி போட்ட கோஷ்டிக்கு டபுள் ரிஸ்க். அதனால பிரெஞ்சுக்காரங்களே வெளியூர் போனா, ‘இங்கே எத்தனை?’னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க.

நம்ம இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? ஒரு பார்ட்டியில 10 பேர். எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்கிறதா வெச்சா, 10 × 9 ÷ 2 = 45 ஜோடி. ஜோடிக்கு 2 வீதம் 90. கிளம்பும்போது மறுபடி 90. ஆக மொத்தம் 180. நாலு முத்த ஊர்னா 360. சரியா ஒரு முழு வட்டம்! மேத்ஸ் த்ரீல கூட இவ்வளவு அழகா விடை வந்ததில்ல.

எல்லை தாண்டினா?

பெல்ஜியத்துல பெரும்பாலும் ஒண்ணு. ஸ்பெயின், இத்தாலியில ரெண்டு. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்துல மூணு. அர்ஜென்டினாவுல பசங்களே பசங்களுக்கு ஒரு முத்தம் கொடுத்துத்தான் ‘என்னடா மச்சி’ கேட்பாங்க. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பல அரபு நாடுகள்ல ஆணும் ஆணும் கன்னம் ஒட்டுறது மரியாதை. ஆனா குடும்பத்துக்கு வெளியே ஆணும் பெண்ணும் அப்படிப் பண்ணினா அது மரியாதைக் குறைவு. நியூசிலாந்து மாவோரி மக்கள் நெற்றியையும் மூக்கையும் ஒட்டி, மூச்சுக்காற்றையே பகிர்ந்துக்குவாங்க. அதுக்கு ‘ஹோங்கி’னு பேர்.

அரசியல்லயும் உண்டு. 1979 அக்டோபர்ல கிழக்கு ஜெர்மனியோட 30வது ஆண்டு விழாவுக்குப் போன சோவியத் தலைவர் ப்ரெஷ்னேவ், அந்நாட்டுத் தலைவர் ஹோனெக்கருக்கு உதட்டுலயே முத்தம் வெச்சார். அது கம்யூனிஸ்ட் தோழர்களோட ‘சகோதர முத்தம்’. அந்த போட்டோவை 1990ல திமித்ரி வ்ரூபெல்ங்கிற ஓவியர் பெர்லின் சுவர்ல வரைஞ்சார். இன்னிக்கும் டூரிஸ்ட்டுங்க அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க.

இதெல்லாம் விநோதம்னு சிரிக்கிறீங்களா? நம்ம பாட்டி நம்ம ரெண்டு கன்னத்தையும் வழிச்சு, தன் நெத்தியோரம் விரலை மடக்கி ‘படபட’னு நெட்டி முறிப்பாங்களே... அதை ஒரு பாரீஸ் பொண்ணுகிட்ட காட்டிப் பாருங்க. ‘என்னாச்சு, கை சுளுக்கா?’னு கேட்கும். அந்தந்த ஊர் விதி தெரிஞ்சாத்தான் அர்த்தம் புரியும்.

எனக்கு மட்டும் ஏன் கன்னம்?

இனிமேதான் மேட்டரே. ‘அவங்க கல்ச்சர்ல எல்லாம் ஃப்ரீ’னு நம்ம கேன்டீன்ல ஒரு தத்துவம் ஓடுதே, அது சுத்தப் பொய். அங்கேயே இது பலருக்குப் பிடிக்கல. ஆபீஸ் மீட்டிங்ல ஆம்பளைங்க தங்களுக்குள்ளே கை குலுக்கிட்டு, பொண்ணுங்கன்னா மட்டும் கன்னத்தை நீட்டுறாங்க. ஏன்? 2017 கடைசியில, க்ரெனோபில் பக்கத்துல இருக்கிற மோரெட்ங்கிற சின்ன ஊரோட மேயர் ஓத் பிக்கார் வொல்ஃப், தன் சக மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு மெயில் தட்டினார். இனி முத்தம் வேண்டாம், ஆண்களுக்குள்ளே நடக்கிற மாதிரி எனக்கும் கை குலுக்கினா போதும்னு சாரம். ஒரு மேயருக்கே இதைச் சொல்ல மெயில் போட வேண்டியிருந்தா, நேத்து வேலைக்குச் சேர்ந்த ட்ரெய்னி பொண்ணு எப்படிச் சொல்லும்?

இன்னொரு கேஸ். 2023 ஆகஸ்ட்ல சிட்னியில ஸ்பெயின் பெண்கள் அணி உலகக் கோப்பை கால்பந்து ஜெயிச்சது. மெடல் கொடுக்கிற மேடையில, அந்நாட்டுக் கால்பந்து சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், வீராங்கனை ஜென்னி எர்மோசோவோட தலையைப் பிடிச்சு உதட்டுல முத்தம் கொடுத்தார். பரஸ்பர சம்மதம்தான்னு அவர் சொன்னார். நான் சம்மதிக்கலைனு எர்மோசோ சொன்னார். ரூபியாலெஸ் பதவி போச்சு. 2025 பிப்ரவரியில ஸ்பெயின் தேசிய நீதிமன்றம் அது பாலியல் குற்றம்னு தீர்ப்பு சொல்லி, 10,800 யூரோ அபராதம் போட்டது. கவனிங்க, பார்க்கிறவங்களுக்கெல்லாம் கன்னத்துல ரெண்டு கொடுக்கிற அதே ஸ்பெயின்லதான் இந்தத் தீர்ப்பு! கன்னத்துக்கும் உதட்டுக்கும் நடுவுல சில சென்டிமீட்டர்தான் தூரம். அந்தத் தூரத்துக்குப் பேர்தான் சம்மதம்.

முத்தத்துக்குத் தடா

தடை ஒண்ணும் புதுசில்ல. முதலாம் நூற்றாண்டுலயே ரோமப் பேரரசர் டைபீரியஸ் தினசரி முத்தத்துக்கு உத்தரவு போட்டுத் தடை விதிச்சார். 1439ல இங்கிலாந்துல கொள்ளைநோய் பரவினப்போ, மன்னருக்கு மரியாதை செலுத்துறவங்க முத்தம் கொடுக்காம இருக்க அனுமதி கேட்டு பார்லிமென்ட்டே மனு கொடுத்தது. 2020 பிப்ரவரி கடைசியில, கொரோனா பயத்துல, பிரெஞ்சு சுகாதார அமைச்சர் ஒலிவியே வேரான் ‘லா பீஸ் வேண்டாம்’னு சொன்னார். நாடே அதுவரை பழகின ஒண்ணை டக்குனு நிறுத்துச்சு. அப்புறம் முத்தம் திரும்பி வந்தாச்சு. ஆனா அந்த இடைவெளியில, பிடிக்காமலே கன்னத்தை நீட்டிட்டிருந்த பலருக்கு ‘வேண்டாம்’னு சொல்ற தைரியமும் கூடவே வந்துடுச்சு.

ஃபிளைட் ஏறப் போறீங்களா?

எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம், எம்.எஸ்.னு கிளம்புற சீனியர்களுக்கு சில டிப்ஸ்:

* நீங்களா பாயாதீங்க. அவங்க கன்னம் வருதா, கை வருதானு பாருங்க. ஒரு செகண்ட் பொறுத்தா குடி முழுகிடாது.

* புரொஃபசர், இன்டர்வியூ எடுக்கிறவர், கடைக்காரர்... இவங்களுக்கெல்லாம் ‘போன்ஷூர்’ போதும். தேவைப்பட்டா கை குலுக்கல்.

* உங்களுக்குக் கூச்சமா இருக்கா? அவங்க நெருங்குறதுக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிடுங்க. நீங்க வெளியூர்னு தெரியும், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. ‘கிராமத்தான்’னு நினைப்பாங்களோனு பிடிக்காததுக்குத் தலையாட்ட வேண்டாம்.

* வேற ஒருத்தர் கையை நீட்டினாலும் அதே மரியாதை. கையைப் பிடிச்சு இழுத்துக் கன்னத்தைத் தேடுறது அநாகரிகம்.

கடைசியா நம்ம கேம்பஸுக்கும் ஒரு வார்த்தை. இங்கே முத்தம் இல்ல, ஓகே. ஆனா பர்த்டேனு முகத்துல கேக் பூசுறது, ஹோலினு கலரைத் தேய்க்கிறது, ‘ஃப்ரெண்ட்லியா’ தோள்ல கை போடுறது எல்லாம் இருக்கே? எதிர்ல இருக்கிற மூஞ்சி சிரிக்குதா, சுருங்குதானு முதல்ல பாருங்க பாஸ். எத்தனை முத்தம்னு கேட்க வெட்கப்படாத பிரெஞ்சுக்காரன்கிட்ட நாம காப்பியடிக்க வேண்டியது முத்தத்தை இல்ல, அந்தக் கேள்வியை!

சரி, பெல் அடிச்சாச்சு. அடுத்த வாரம் வேற நாடு, வேற கூத்து. வர்ட்டா?