சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் மூச்சையும் பார்க்கட்டும்

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

எண்ணூரிலிருந்து வந்த மடல் என்றதும், இது சுற்றுச்சூழல் துறைக்குப் போக வேண்டியது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது தள்ளிவிடக்கூடும். தள்ள வேண்டாம், இது உங்களுக்குத்தான்.

2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படகையும் வலையையும் பாழாக்கியிருந்தது. இவை செய்தியாயின. அனல்மின் நிலையச் சாம்பல் அன்றாடம் வருவதால் செய்தியாவதில்லை.

எங்கள் பகுதி இளைஞர்கள் ஆற்றையும் காற்றையும் ஆஸ்பத்திரியையும் தனித்தனிக் கோப்பாகப் பார்ப்பதில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் கொசஸ்தலையாற்றின் சாம்பல் சேற்றில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஆறு கெட்டால் அவர்களின் வரும்படியும் உடம்பும் சேர்ந்தே கெடும். கேஸ் வாடை அடித்த இரவுகளைப் பிள்ளைகள் சிலர் கைபேசியில் நேரம், காற்றின் திசையோடு குறித்து வைக்கிறார்கள். மறுநாள் எந்த வீட்டுக் குழந்தைக்கு நெபுலைசர் வைத்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கிறது; உங்கள் துறை புறநோயாளிச் சீட்டு எழுதுகிறது. இரண்டையும் தேதிவாரியாகச் சேர்த்துப் போட்ட அட்டவணை ஒன்றுகூட எங்கள் பார்வைக்கு வந்ததில்லை. ஆனால் ஆலை அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நோயைப் பற்றிப் பேசினால் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள்!

ஊர் மக்களே ஆதாரம் சேர்த்ததற்கு முன்னோடி உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு முதலான ஊர்களில் 2004 வாக்கில் கிராமத்து ஆட்களே பயிற்சி பெற்று, பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த வாடை எப்போது எங்கே அடித்தது என்று நாட்குறிப்பும் எழுதினார்கள். ஆய்வில் நச்சு வேதிப்பொருள்கள் தெரியவந்தன. அதன் பிறகு அந்த ஊர்க்காரர்கள் சொன்னதை வெறும் புலம்பல் என்று ஒதுக்குவது எளிதாக இருக்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் அவர்கள் கையில் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றையும் கொடுங்கள். மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய்தான், மின்சாரமும் வேண்டாம். கூடவே செல்ல உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். முடிவுகளை யார் பெயரும் இல்லாமல், தெருவாரியாக, வாரியத்தின் காற்றளவோடு சேர்த்து மாதந்தோறும் வெளியிடுங்கள்.

மூச்சுக் கோளாறுக்குப் பீடி, விறகடுப்பு, கொசுவர்த்தி என்று வேறு காரணங்களும் இருக்கின்றன; கணக்கு ஆலைகளுக்குச் சாதகமாகவே வந்தாலும் வரட்டும். கணக்கே எடுக்காமல் எண்ணூரில் இன்னொரு புகைபோக்கிக்கு அனுமதி கொடுப்பது தவறு. அந்த அனுமதிக் கோப்பு நகரும் முன், இந்தப் பரிசோதனைக்கான ஆணையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவர்