லண்டன் - நியூயார்க்: எத்தனை மணி நேரம்?

குட்டீஸ், "லண்டனுக்கும், நியூயார்க்குக்கும் இடையே விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்று பொது அறிவுப் போட்டிகளில் கேட்டு, 'எட்டு' என்பதை மட்டுமே சரி என்றால், எனக்கு அது சம்மதமில்லை. நியூயார்க் போகத்தான் சுமார் எட்டு மணி நேரம். அங்கிருந்து லண்டன் வர சுமார் ஏழு மணி நேரமே போதும்! தூரம் என்னவோ, அதே 5,550 கி.மீ., தான்.

காரணம், காற்று. ஏறக்குறைய 10 கி.மீ., உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்காக, ஆறு மாதிரி பலத்த காற்று ஓடுகிறது. 'ஜெட் ஸ்ட்ரீம்' என்பர். ஆற்றோடு நீந்துவதும், எதிர்த்து நீந்துவதும் ஒன்றா?

2020 பிப்ரவரியில் புயல் வீசியபோது, நியூயார்க்கில் கிளம்பிய ஜம்போ ஜெட் ஒன்று, 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து விட்டது. தரைக் கணக்கில், மணிக்கு 1,300 கி.மீ.,க்கும் மேல் வேகம். ஆனால், சுற்றியிருந்த காற்றே ஓடியதால், அந்தக் காற்றைப் பொறுத்தவரை, அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை. நிஜமாகவே மிஞ்சிய கன்கார்டு, 1996ல் மூன்று மணி நேரத்துக்குள் வந்தது. 2003ல் அதற்கு ஓய்வு கொடுத்து விட்டனர், பாவம்!

கடிகாரமும் குறும்பு செய்யும். லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது நியூயார்க்கில் பகல் 1 மணிதான். அதைப் பார்த்து, 'மூன்று' என்று எழுதினால் மார்க் குறைக்கலாம். 'ஏழு' என்று எழுதியவருக்கு எப்படிக் குறைப்பது? எந்தப் பக்கமாக என்று கேள்வியில் சொல்லவே இல்லையே!