தவணையில் விற்ற வீட்டுக்குக் காப்பீடு யார் பொறுப்பு?

வீட்டுக் கடன் பெறும்போது வாடிக்கையாளர் கையெழுத்திடும் தாள்களுள் காப்பீட்டுக்குரிய தாளும் இருக்கும். அதைச் சுமையாகக் கருதி முகம் சுளிப்போரும் உண்டு. ஆயினும் அந்த ஒரு தாளால், வெள்ளமோ தீயோ வந்த நாளில் கடனாளியின் குடும்பமும் கடன் கொடுத்த நிறுவனமும் ஒருசேரக் காக்கப்படுகின்றன. வங்கி உள்ள இடத்தில் காப்பீட்டைப் பற்றிக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

வங்கியே இல்லாமல் நடக்கும் வீட்டு விற்பனைகளும் நம் நாட்டில் குறைவல்ல. வருமானச் சான்று காட்ட இயலாத சிறு வணிகர், கடன் தகுதி பெறாத பழைய கட்டடம், உறவினருக்குள் நிகழும் கொடுக்கல் வாங்கல் எனக் காரணங்கள் பல. ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, மீதியை மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் தவணைகளாகப் பெற விற்பவரே இசைகிறார். இதில் தவறேதும் இல்லை. விலை, தவணை, வட்டி, கெடு ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. வீட்டுக்கு ஒரு கேடு வந்தால் இழப்பு யாருடையது, காப்பீடு யார் பெயரில் என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது.

விலையைத் தவணையில் பெறும் உரிமையாளர் வங்கியின் இடத்தில் அமர்கிறார். வங்கிக்குரிய முன்னெச்சரிக்கையும் அவருக்கு வேண்டும். வாங்குபவரும் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். இதுவே என் கருத்து.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் என்பது அதனளவில் சொத்தின்மீது எவ்வித உரிமையையும் தருவதில்லை. கிரயப் பத்திரம் பதிவாகும்வரை உரிமையாளர் விற்பவரே. பொது அதிகார ஆவணத்தைக் கொண்டு செய்யப்படும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றமும் 2011ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் வழக்கில் உறுதிபடக் கூறியது. சொத்து அழிந்தால் அந்த இழப்பை வாங்குபவர் ஏற்க வேண்டியது உரிமை அவருக்கு மாறிய பின்னரே என்கிறது 55ஆம் பிரிவு. எனவே கிரயப் பத்திரம் கடைசித் தவணைக்குப் பின் என்று ஒப்பந்தம் செய்து, வீட்டை மட்டும் இப்போதே ஒப்படைத்திருந்தால், இழப்பு சட்டப்படி விற்பவரையே சாரும்.

ஆனால் இந்த விதி, மாறான ஒப்பந்தம் இல்லாதபோதுதான் செல்லும். 'சுவாதீனம் பெற்ற நாள்முதல் சகல பொறுப்புகளும் வாங்குபவரையே சாரும்' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதப்படுவதுண்டு. அந்த ஒரு வரியால், உரிமை இல்லாதவர் தலையில் இழப்பு ஏறிவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 45 லட்சம் ரூபாய்க்குப் பேசிய வீட்டுக்கு 18 லட்சம் செலுத்தப்பட்டுவிட்டது. 27 லட்சம் பாக்கி. மழை வெள்ளத்தில் சுவரும் மின்கம்பிகளும் கெட்டு 5 லட்சம் செலவு வருகிறது. 'இனி அது அவர் வீடு' என்றெண்ணி விற்பவர் பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. 'பத்திரம் இன்னும் அவர் பெயரில்தானே' என்றெண்ணி வாங்குபவரும் எடுக்கவில்லை. இருவர் எண்ணமும் இயல்பானதே. ஆயினும் அந்த 5 லட்சத்துக்கு நாதியில்லை. கையிலிருந்த பணத்தைச் சீரமைப்புக்குச் செலவிட்டவர் தவணையில் பிந்துகிறார். விற்பவர் ஒப்பந்தத்தை முறிக்க முனைகிறார். வெள்ளம் வடிந்த பிறகு வழக்கு தொடங்குகிறது.

இரண்டாம் வகை விற்பனையில் கிரயப் பத்திரம் உடனே பதிவாகிறது; பாக்கித் தொகைக்கு வீடே ஈடாக நிற்கிறது. இங்கே நிலைமை தலைகீழ். உரிமை வாங்குபவருக்கு வந்துவிட்டதால் இழப்பும் அவருடையதே. வீடு இடிந்து விழுந்தாலும் பாக்கித் தொகை தீராது. விற்பவரின் பழைய பாலிசியை நம்பி வாங்குபவர் இருந்துவிடக் கூடாது. காப்பீட்டுக்குரிய நலன் இழப்பு நேரும் நாளில் இருந்தாக வேண்டும். முழுவிலையும் பெற்று உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டவருக்கு அந்த நலன் இல்லை.

எழுதாமல் விட்டதன் விளைவுக்கு இங்கிலாந்தின் பழைய வழக்கு ஒன்று இன்றும் பாடமாக உள்ளது. விற்பனை ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட நாளில் கட்டடம் தீப்பற்றியது. விற்பவர் காப்பீட்டு நிறுவனத்திடம் 330 பவுன் பெற்றார். அத்தொகை தமக்குச் சேர வேண்டும் என்று வாங்கியவர் தொடுத்த வழக்கு 1881இல் தோற்றது. பாலிசியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. முழுவிலையும் பெற்றுவிட்ட விற்பவரிடமிருந்து அத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் 1883இல் வழக்காடித் திரும்பப் பெற்றது. பிரீமியம் கட்டப்பட்டிருந்தும் எரிந்த கட்டடத்துக்கு அப்பணம் உதவவில்லை.

நம் சட்டத்தின் 49ஆம் பிரிவு இதற்கு ஓரளவு பரிகாரம் தருகிறது. தீக்கு எதிராகக் காப்பீடு செய்த சொத்து விற்கப்பட்டிருந்தால், விற்றவர் பெற்ற காப்பீட்டுப் பணத்தைக் கட்டடத்தைச் சீரமைக்கச் செலவிடுமாறு வாங்கியவர் கோரலாம். ஆனால் அப்பிரிவு பேசுவது தீயைப் பற்றி மட்டுமே. அதுவும் உரிமை மாற்றப்பட்ட சொத்துக்குத்தான். 2001இல் கட்ச்சை உலுக்கிய நிலநடுக்கத்தையும், 2015இன் சென்னை வெள்ளத்தையும், 2018இன் கேரள வெள்ளத்தையும் கண்ட நாம் அந்தப் பிரிவை மட்டும் நம்பியிருக்க இயலாது.

காப்பீடு பெறுவதும் இன்று கடினமன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு முதலியவை இதில் அடங்கும். 10 ஆண்டுகள்வரை சேர்த்தே எடுக்கலாம். தவணைக் காலம் முழுவதற்கும் ஒரே பாலிசி என்பது இத்தகைய விற்பனைக்கு மிகவும் பொருந்தும். காப்பீட்டுத் தொகை மனையின் விலையைச் சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவே அளவுகோல். ஆகவே பிரீமியம் 45 லட்சத்துக்கு அன்று, கட்டடத்துக்கு மட்டுமே.

ஒரு நுணுக்கத்தை மறக்கலாகாது. விற்பவர் பெயரிலுள்ள பாலிசி, அங்கே குடியிருக்கும் வாங்குபவரின் பீரோவையும் குளிர்சாதனப் பெட்டியையும் காக்காது. வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்க வழியுண்டு. வாங்குபவர் அதை எடுத்துக்கொள்வது நன்று.

பிரீமியத்தை யார் கட்டுவது? வீட்டை அனுபவிப்பவர் வாங்குபவர். ஆதலால் அவர் கட்டுவதே நியாயம் என்பேன். பாலிசி யார் பெயரில்? உரிமை யாரிடமோ அவர் பெயரில். மற்றவரின் நலன் அதில் குறிக்கப்பட வேண்டும். விற்பவர் வீட்டை ஒப்படைத்துவிட்டதையும், தவணை ஒப்பந்தம் உள்ளதையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எண்டார்ஸ்மென்ட் பெற்றுக்கொள்ள வேண்டும். மறைத்த செய்தி இழப்பீடு கோரும் நாளில் தடையாக வந்து நிற்கும்.

ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் போதும். கட்டடத்தின் மறுகட்டுமானச் செலவுக்குக் குறையாமல் பாலிசி இருக்க வேண்டும். ஆண்டுதோறும் நடப்பிலுள்ள பாலிசியின் நகல் மற்றவருக்குத் தரப்பட வேண்டும். வாங்குபவர் பிரீமியம் கட்டத் தவறினால் விற்பவர் கட்டி, அதனைப் பாக்கியில் சேர்த்துக்கொள்ளலாம். இழப்பீடு வந்தால் முதலில் வீட்டைச் சீரமைக்க வேண்டும். சீரமைக்க இயலாத நிலையில் பாக்கி போக எஞ்சியது வாங்குபவருக்கு.

'இத்தனை எழுதினால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றாகிவிடாதா?' என்று சிலர் கேட்பர். உறவினருக்குள் நடக்கும் விற்பனையில் இந்தத் தயக்கம் மிகுதி. தவணையும் வட்டியும் எழுதும்போது வராத மனத்தாங்கல் காப்பீட்டை எழுதும்போது மட்டும் ஏன் வர வேண்டும்? இயற்கைச் சீற்றம் இருவரில் எவர் குற்றமும் அன்று. குற்றமற்ற இருவர் பகைவராகாமல் இருக்கவே அந்த வரிகள்.

ஏற்கெனவே தவணை ஒப்பந்தம் செய்துகொண்டு பணம் செலுத்தியும் பெற்றும் வருவோர், அடுத்த தவணை நாளில் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். காப்பீடு என்ற சொல் அதில் இல்லையெனில், இருவரும் ஒப்பி ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்துவிடுவது நலம்.