ஜூலை 1987

காஸாவோ சிரியாவோ மியான்மரோ, எங்கே ரத்தம் சிந்தினாலும் எங்கள் மல்லாங்கிணறு டீக்கடையில் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. பலமுள்ள நாடு ஒன்று படையோடு போய் அடக்கக் கூடாதா? குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பொறுக்காத மனசிலிருந்து வரும் கேள்வி அது. அந்த மனசை மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், இலங்கைத் தமிழர் முகாமில்.

அங்கிருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “இந்தியன் ஆமி வரேக்க நாங்கள்தான் தம்பி மாலை போட்டனாங்கள். பிறகு அவைக்குப் பயந்துதான் பங்கருக்குள்ள கிடந்தனாங்கள்.” மாலைக்கும் பங்கருக்கும் இடையில் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

1987 மே மாதம் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெருந்தாக்குதல் தொடங்கியது. இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை ஜூன் 3 அன்று இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே நமது ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருள்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. அந்த நடவடிக்கைக்குப் பெயர் பூமாலை. தமிழ்நாடே நெஞ்சு நிமிர்த்திய நாள் அது. இன்றைக்கும் அதில் எனக்குத் தவறு தெரியவில்லை. பட்டினி கிடப்பவருக்குச் சோறு போட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அதோடு நின்றிருக்க வேண்டும். ஜூலை 29 அன்று கொழும்பில் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த மக்களின் உரிமைக்காகப் போர் நடந்ததோ, அந்த மக்களின் தரப்பில் ஒரு கையெழுத்துகூட அதில் இல்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். தெற்கே இந்திய எதிர்ப்பை ஏந்திக்கொண்டு சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. கிளர்ந்தது. வடக்கே விடுதலைப் புலிகளின் திலீபன் பன்னிரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 26 அன்று உயிர்விட்டார். அக்டோபர் 10-ஆம் தேதி, ஒப்பந்தப்படி அமைதி காக்கப்போன இந்தியப் படையே புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போரில் இறங்கியது.

அந்த மாதம் 21-ஆம் தேதி தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் குண்டுகளுக்கு மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்றது ராணுவம். சுட்டிருந்தாலும், படுக்கையில் கிடந்த நோயாளியின் சாவை எந்த விளக்கமும் நியாயமாக்காது. சிவகாசி வெடியை நாமெல்லாம் கொளுத்திக்கொண்டிருந்த அதே தீபாவளி அது. நம் பள்ளிப் பிள்ளைகளின் பாடத்தில் இது இருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? சிப்பாய்களைக் குறை சொல்ல மாட்டேன். மொழி தெரியாத ஊரில், எதிரி யார் என்று தெரியாத சண்டையில், சுமார் 1,200 பேர் உயிர்விட்டார்கள். பிழை அனுப்பியவர்களுடையது. 1983-க்குப் பிறகு ஈழத் தமிழ் இயக்கங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது டெல்லி. பிறகு அதே டெல்லி நடுவராகப் போய் நின்றது. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் இன்னொன்றும் விளங்கும். திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவுக்கு எதிராக எந்த நாட்டின் படைக்கும் போகக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இந்தியாவோடு சேர்ந்து சீரமைக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரு நாடு தன் பாதுகாப்பைப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் தன் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போகிறவரை இரு தரப்பும் நம்பாது. கடைசியில் இந்தியப் படையை விரட்டுவதற்காக இலங்கை அதிபர் பிரேமதாசா புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசிச் சிப்பாய் கப்பலேறினார். ஓராண்டு கழித்து, 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் படுகொலை.

1971-இல் வங்கதேசத்தில் ஜெயித்தோமே என்பார்கள். அங்கே தேர்தலில் வென்ற தலைமை ஒன்று இருந்தது, மக்கள் ஒரே பக்கம் நின்றார்கள், நம் படையும் சில மாதங்களில் திரும்பிவிட்டது. அப்படி அமைவது அபூர்வம். 1983-இல் பெய்ரூட் முகாமில் ஒரே குண்டில் 241 அமெரிக்க வீரர்கள் செத்ததும், 2003-க்குப் பின் இராக்கில் ஷியா-சன்னி ரத்தம் ஓடியதும்தான் வழக்கமான கதை.

அப்படியானால் கைகட்டி நிற்கலாமா? கூடாது. 2009-இல், இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், முள்ளிவாய்க்காலில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது நாம் படை அனுப்பியிருக்க வேண்டியதில்லை. போரை நிறுத்து என்று முழுப் பலத்தோடு சொல்லியிருக்க வேண்டும். மாறாக, அந்த மே மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. அதுவும் தலையீடுதான், கொல்லப்பட்டவர்களுக்கு எதிரான தலையீடு.

சோறு, மருந்து, ஐ.நா.வில் உண்மைச் சாட்சி, தஞ்சம் ஆகியவற்றைத்தான் ஒரு பெரிய நாடு தயங்காமல் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதை நாம் பாதிதான் கொடுத்திருக்கிறோம். இந்தியாவில் பிறந்தாலே குடிமகன் என்ற உரிமை 1987 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நம் ராணுவம் இலங்கைக்குப் புறப்பட்ட அதே ஜூலை. இந்தச் சட்டத்தால் முகாமில் பிறந்து நம்மூர்ப் பள்ளியில் படித்து, பட்டமும் வாங்கிய பிள்ளைகள் இன்றும் அந்நியர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் பெயிண்ட் வாளியைத் தூக்குகிறார்கள். 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி உதவித்தொகையையும் உயர்த்தியது, நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

இந்த மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டத்தைத் திருத்துங்கள். இதைக் கேட்டு உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.